சோத்தாங்கைப் பக்கப் பெட்டி

சென்ற மாதம் குமுளியிலிருந்து எங்கள் பழைய கம்பெனியின் புது மேனேஜர் ஃபோன் செய்தார். தோட்டங்களுக்குப் போய்வரும் ஆட்களுக்காக இன்னும் சில அட்வென்சர் பைக் வாங்கியிருக்கிறார்களாம். பின்னால் இரண்டு பக்கமும் மாட்டுகிற கெட்டிப் பெட்டிகளில் எதை எடுப்பது என்று அவருக்குக் குழப்பம். மூன்று விதப் பெட்டிகளின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, "காஜா பாய், ஒரே வரியில சொல்லுங்க, எது நல்லது?" என்று கேட்டார்.

ஒரே வரியிலா! தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும்வரை பேசினேன். பெட்டியின் அகலம் என்ன, மூடி மேல் பக்கம் திறக்கிறதா பக்கவாட்டில் திறக்கிறதா, உள்ளே பூச்சு உண்டா, சைலன்சருக்கும் பெட்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டுக்கொண்டே போனேன். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நம்ம புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட நீங்க இத்தன கேள்வி கேக்கலீங்களே. ஒரு பொட்டிக்கா இந்தப் பாடு?" என்றாள். மாப்பிள்ளையை முகர்ந்து பார்க்க முடியாது, பெட்டியை முடியும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மேனேஜருக்கும் புரிந்திருக்காது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் கொல்லங்கோட்டுக்காரன். அத்தாவுக்கு மளிகைக் கடை. மிளகும் சீரகமும் மூக்கில் ஏறித்தான் வளர்ந்தேன். வேலைக்குக் குமுளிக்குப் போனவன், ஓய்வு பெறும்வரை ஒரே ஏலக்காய் கம்பெனியில், ஒரே வேலையில் இருந்தேன். சாம்பிள் எடுக்கிற வேலை. விவசாயி காயவைத்துத் தயாராக வைத்திருக்கும் ஏலக்காய் மூட்டையில் மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் கைவிட்டு ஒரு பிடி. மூன்றையும் ஒரு வெள்ளைத் துணிப்பையில் கட்டிக் குமுளிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பையை வைத்துத்தான் அந்தச் சரக்கு வெளிநாட்டுக்குப் போகுமா, இல்லையா என்று முடிவாகும். கேட்க லேசான வேலை. மூட்டையின் அடியில் கைவிடுகிறபோது வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

பயிற்சி என்று தனியாக எதுவும் தரவில்லை. செய்யக்கூடாதவற்றைச் சொன்னார்கள், அவ்வளவுதான். பீடி கூடாது, பவுடர் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. ஏலக்காய் பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மண்ணெண்ணெய் டின் இருந்த அறையில் ஓர் இரவு கிடந்தால் போதும், மறுநாள் பாயசத்தில் போட முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அத்தர் பூசாமல் போகிற ராவுத்தர் குமுளியில் நான் ஒருவன்தான். பள்ளிவாசலில் கேலி செய்வார்கள். "என் மூக்குக்குச் சம்பளம் தருகிறார்கள், உங்கள் மூக்குக்குத் தருகிறார்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எங்கள் மேனேஜர் ஜார்ஜ் சார். கோட்டயம் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. அவர் பேசுகிற தமிழில் பாதி மலையாளம் இருக்கும், ஆனால் அவர் அதிகம் பேசுவதில்லை என்பதால் அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. சாம்பிள் பார்க்கும் நாளில் மத்தியானம்வரை டீகூடக் குடிக்க மாட்டார். வடக்கு ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. பையின் வாயை அவிழ்த்து, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு மூன்று முறை மூச்சிழுப்பார். பிறகுதான் வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி நிறத்தைப் பார்ப்பார். உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். கடைசியில் ஒரு காயை உடைத்து விதையை மட்டும் முகர்வார். கண் பார்த்துவிட்டால் மூக்கு பொய் சொல்ல ஆரம்பிக்கும் என்பது அவர் சித்தாந்தம்.

தீர்ப்பையும் வாயால் சொல்ல மாட்டார். சரக்கு நன்றாக இருந்தால் ஒரு விதையை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்வார். சாப்பாட்டு நேரம்வரை அது கன்னத்திலேயே இருக்கும். சரியில்லை என்றால் காய்களைப் பையில் திரும்பப் போட்டுவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வைப்பார். கவிழ்த்த தட்டை நிமிர்த்தும் வழக்கம் எங்கள் ஆபீசில் கிடையாது. அந்த ஆளிடம் அந்தப் போகம் முழுக்க மறுபடி சாம்பிள் எடுக்கப் போக மாட்டோம். போனால், நல்ல காயைக் கலந்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள். கடுமையான சட்டம்தான், ஆனால் நியாயமான சட்டம் என்றே நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்குச் சாதாரண பைக். சாம்பிள்களைக் கித்தான் பையில் போட்டு நெஞ்சுக்குக் குறுக்காகக் கட்டி, மேலே மழைக்கோட்டு. மலையில் இன்னொரு சங்கதி உண்டு. சாம்பிள் எடுக்க வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். காயைக் குறை சொன்னவனாக இருந்தாலும் ஒரு சீப்பு வாழைப்பழமாவது கையில் திணிப்பார்கள். பலாப்பழம், காந்தாரி மிளகாய், மரவள்ளி, சேனை என்று வீட்டுக்கு ஒன்று. வேண்டாமென்றால் சண்டைக்கு வருவார்கள். அதையெல்லாம் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வருவோம். குமுளிக் கடைவீதியில் என்னைப் பார்க்கிறவர்கள் நான் சாம்பிள் எடுத்துவிட்டு வருகிறேனா, சந்தைக்குப் போய்விட்டு வருகிறேனா என்று கேட்பார்கள்.

பிறகு மழையின் போக்கு மாறியது. எந்த வளைவில் மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது. ரோடு அடைபட்டால் தோட்டத்து உள்வழியில், கல்லிலும் சேற்றிலும் ஏறி இறங்க வேண்டும். பழைய வண்டிகள் தாங்கவில்லை, என் முதுகும் தாங்கவில்லை. கம்பெனி இரண்டு அட்வென்சர் பைக் வாங்கியது. ஒன்று எனக்கு, இன்னொன்று முருகேசனுக்கு. முருகேசன் வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன், நாற்பதைத் தாண்டியவன், மலைப்பாதையில் என்னைவிட நன்றாக ஓட்டுவான். இதை அவன் முன்னால் நான் சொன்னதில்லை.

பெட்டி தேர்வு செய்ய எங்கள் ஆபீஸ் முற்றத்தில் ஒரு திருவிழாவே நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வேனில் மூன்று ஜோடிப் பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்று கறுப்பு பிளாஸ்டிக், சூட்கேஸ்போலப் பக்கவாட்டில் திறப்பது. இரண்டாவது வெறும் அலுமினியம், மேலே திறப்பது. மூன்றாவது உள்ளும் புறமும் பூச்சுப் பூசிய அலுமினியம், அதுவும் மேலே திறப்பது.

பக்கவாட்டில் திறப்பதை முதலிலேயே நான் ஒதுக்கினேன். ஸ்டாண்டு போட்டால் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கும். சரிவான இடத்தில் இடது பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் காலடியில் கொட்டும். பெட்டிக்காரர் அதற்கொரு வலை இருக்கிறது, பட்டை இருக்கிறது என்றார். கொட்டுகிற மழையில், அட்டை கடிக்கிற இடத்தில் நின்று பட்டையை மாட்டிக் காட்டுங்கள் என்றேன். அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

வெறும் அலுமினியம் முருகேசனுக்குப் பிடித்திருந்தது. நசுங்கினால் குமுளி பட்டறையில் சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம் என்றான். உண்மைதான். ஆனால் உள்ளே துணிப்பையைப் போட்டு வண்டியை முற்றத்தைச் சுற்றி நாலு குலுக்குக் குலுக்கி எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணியில் சாம்பல் நிறக் கறை. அலுமினியம் உராய்ந்தால் அப்படித்தான் கரி இறங்கும். அதுவும் போயிற்று.

அகலத்துக்கு வாசல் கேட்டை வைத்தே அளந்தோம். தோட்டத்துச் சின்னக் கேட் எல்லாம் ஆள் நுழையத்தான் போட்டிருப்பார்கள். ஹேண்டில்பாரை விடப் பெட்டி வெளியே நீண்டிருந்தால் முன்பக்கம் நுழையும், பின்பக்கம் மாட்டும். இன்னொன்று கால். சேற்றில் வண்டி சாயும்போது காலை ஊன்றுவோம், வண்டி முன்னால் நகர்ந்தால் கெட்டிப் பெட்டி கெண்டைக்காலில் வந்து இடிக்கும். அதனால் பெட்டி கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காரவேண்டும், ரொம்பத் தள்ளினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும். இவற்றையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டே போனபோது விற்க வந்தவர் என்னைச் சற்று மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜார்ஜ் சாரின் சோதனை வேறு. ஒவ்வொரு பெட்டியிலும் துவைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றைப் போட்டு மூடி, வெயிலில் வைக்கச் சொன்னார். மத்தியானம் எடுத்துக் கண்ணை மூடி ஒவ்வொன்றாக முகர்ந்தார். பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து வந்தது புதுச் செருப்பு வாடை. பூச்சுப் பெட்டியில் மூடியைச் சுற்றிய ரப்பரின் வாடை லேசாக இருந்தது. அதைக் கஞ்சித் தண்ணீர் விட்டுக் கழுவி ஒரு வாரம் திறந்துபோட்டதும் போய்விட்டது. வலது பெட்டி மட்டும் சைலன்சர் பக்கமாக இருந்ததால் கைக்குட்டை சூடாக இருந்தது. அதை அவர் இரண்டு முறை தொட்டுப் பார்த்தார். ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. மூன்றாவது பெட்டியையே வாங்கினோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தண்ணீர் உள்ளே போகுமா என்று பார்த்தோம். உபசாரம் உள்ளே போகுமா என்று யாருமே பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் ஜெயராணியின் சாம்பிள் வந்தது. ஜெயராணியும் தேயிலை லயத்துப் பெண்தான். பல வருடம் அடுத்தவர்களின் ஸ்டோர்களில் கூலிக்கு அடுப்புப் பார்த்தவள். பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். வெளியே விறகு அடுப்பு, அதன் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடி மறுபக்கம் புகையாக வெளியேறும். காய்க்குச் சூடு படவேண்டும், புகை படக்கூடாது. குழாயில் ஓர் ஊசித்துளை இருந்தாலும் போதும், காய் முழுக்கப் புகைவாடை ஏறிவிடும். அந்தக் குழாய்களின் அருமை தெரிந்தவள் ஜெயராணி. வண்டன்மேட்டுக்கு மேலே ஒரு சரிவில் நிலம் குத்தகைக்கு எடுத்து, கணவர் ஜீப் ஓட்டிச் சேர்த்ததையும் போட்டுச் சொந்தமாக ஸ்டோர் கட்டியிருந்தாள்.

அந்தச் சரிவில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்கள் நிறையப் பேர். எல்லோரும் பச்சைக்காயைச் சுமந்துகொண்டு எதிர் மலையிலிருக்கும் பெரிய ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "ஒன் மொத சரக்கு குமுளி கம்பெனில பாசாகட்டும், அப்புறம் ஒங்கிட்டயே கொண்டாறோம்" என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். பாசானால் அந்தச் சரிவே அவளுடையது. கவிழ்ந்தால் அவ்வளவு பெரிய ஸ்டோரை வைத்துக்கொண்டு தன் காயை மட்டும் உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு போகம் அப்படி உட்கார்ந்தால் அடுத்த போகம் ஸ்டோர் கையில் இருக்காது.

சாம்பிள் எடுத்துவந்தது முருகேசன். ஜார்ஜ் சார் பையில் மூக்கை விட்டார். ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு. மூன்றாவதை இழுக்கவேயில்லை. கொட்டிப் பார்த்தார், நல்ல பச்சை, நல்ல பருமன். ஒன்றை உடைத்து விதையை முகர்ந்தார், யோசித்தார். "புகையாணு" என்றார். காயைப் பையில் போட்டு, தட்டைக் கவிழ்த்தார்.

நானும் பையை வாங்கி முகர்ந்தேன். புகைதான், மறுக்க முடியாது. ஆனால் அது எனக்குத் தெரிந்த புகையாக இல்லை. குழாய்ப் புகை கமறும், தொண்டையைப் பிடிக்கும். இதில் ஏதோ புளிப்பாக இருந்தது.

மலையில் செய்திக்கு வண்டி வேண்டாம். மறுநாள் காலையில் ஜெயராணியே ஆபீசுக்கு வந்துவிட்டாள். நனைந்த குடையை முற்றத்தில் விரித்து வைத்துவிட்டு நேராக ஜார்ஜ் சாரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், எங் கொழாயில புகை வருதுன்னு சொன்னீகளாம். பதினஞ்சு வருசம் அடுத்தவக ஸ்டோருல கொழாய்க்கு ஒட்டுப் போட்டவ நான். எஞ் சொந்த ஸ்டோருல ஓட்டைய விட்டு வப்பேனா?"

"ஞான் சொன்னதில்லை. சாம்பிள் சொல்லிச்சு" என்றார் ஜார்ஜ் சார்.

"அப்ப அந்தச் சாம்பிளுக்கு வழியில என்ன ஆச்சுன்னு கேளுங்க."

இது முருகேசனுக்குச் சுருக்கென்று தைத்தது. "என்னக்கா பேசுற? நானென்ன மழையில நனைய விட்டா கொண்டாந்தேன்? வா, வந்து பாரு" என்று அவளை முற்றத்துக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப் போனான். நாங்களும் போனோம். ஜார்ஜ் சார் குடையை விரித்துக்கொண்டு பின்னால் வந்தார். முருகேசன் வண்டியின் இடது பெட்டியைப் பெருமையோடு தட்டினான். "ரப்பர் பாத்தியா? மூடிட்டேன்னா காத்துகூட உள்ள போவாது."

காற்று உள்ளே போகாது. உள்ளே இருப்பது வெளியேயும் போகாது. "பொட்டியத் தொற, முருகேசா" என்றேன்.

பெட்டி காலிதான். ஆனால் மூடியைத் தூக்கியதும் அது வந்து முகத்தில் அறைந்தது. ஜார்ஜ் சார் குடையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து தலையையே பெட்டிக்குள் விட்டார். மழை அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நான் ஒருநாளும் காணாத ஒரு கலக்கம்.

"இது மீன் கறியாணல்லோ!" என்றார்.

"மீனா? நான் மீனே வைக்கல சார்" என்று பதறினான் முருகேசன்.

"மீனல்ல. குடம்புளி."

முருகேசன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஜெயராணியின் ஸ்டோருக்கு முன்னால் அவன் போன வீட்டில் ஒரு மலையாளத்துச் சேச்சி, அந்த வருடத்துப் புதுக் குடம்புளியைக் கொடுத்திருக்கிறாள். மீன் குழம்பில் போடுவது; அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புகையிலேயே வாட்டிக் கறுக்கவைத்த புளி. பழைய காலமாக இருந்தால் அது ஹேண்டில்பாரில் தொங்கியிருக்கும், மழைக்கும் காற்றுக்கும் வாடை போயிருக்கும். இப்போதுதான் அருமையான பெட்டி இருக்கிறதே! வாழையிலையில் பொதிந்து பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் ஜெயராணியின் துணிப்பையை வைத்து, காற்றுப் புகாமல் மூடிச் சாயங்காலம்வரை சுற்றியிருக்கிறான்.

"அந்தச் சேச்சி ஆசையாக் குடுத்துச்சு. வேணாமுன்னு எப்பிடி பாய் சொல்றது?" என்று என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

எல்லாம் விளங்கிவிட்டது, இனி என்ன என்று நினைத்தால் ஜார்ஜ் சார் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெயராணி வாசலிலேயே நின்றாள். அவர் மேசையில் அந்தத் தட்டு கவிழ்ந்தபடியே இருந்தது. அவருக்கு என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஒரு தட்டை நிமிர்த்தினால், அதுவரை கவிழ்த்த தட்டுகளுக்கெல்லாம் ஆள் வந்து நிற்கும். எல்லோருக்கும் வழியில் ஏதாவது ஆகியிருக்கும். சட்டம் போட்ட மனிதருக்கு அது லேசில்லை.

ஆனால் ஜெயராணிக்கு அடுத்த போகம் என்று ஒன்று இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஜார்ஜ் சார்மேல் இல்லை, அந்தத் தட்டின்மேல். அவரைத் தவிர வேறு யாரும் அந்தத் தட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. துடைப்பதுகூட அவர்தான். நான் போய் அதை நிமிர்த்தி வைத்தேன்.

வேலை போனாலும் போகட்டும் என்ற வீறாப்பெல்லாம் எனக்கு இல்லை. ஆனாலும் சொன்னேன். "சார், நீங்க கவுத்துனது இவங்க ஏலக்காய இல்லீங்க. அந்தச் சேச்சியோட குடம்புளிய. ஜெயராணி சாம்பிள் இன்னும் நம்ம ஆபீசுக்கே வரலீங்க."

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து, மேசைத் துணியால் தட்டை ஒருமுறை துடைத்தார். பிறகு குடையை எடுத்தார். "காஜா, வண்டி எடுக்கு. ஞானும் வரும்."

அவரைப் பின்னால் உட்காரவைத்து மலையேறியதை நான் மறக்க மாட்டேன். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே கால் வைக்க இடமில்லாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு, பள்ளத்துக்கு ஒருதரம் "ஈசோயே" என்று கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பெட்டி வாங்கும்போது பின்னால் ஆள் உட்காருவதை நாங்கள் யோசிக்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜெயராணியும் முருகேசனும் ஜீப்பில் பின்னால் வந்தார்கள்.

ஸ்டோரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் சார் சட்டைக்கையை மடித்துக்கொண்டு அந்தச் சூட்டறைக்குள் போனார். குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் நின்று கண்ணை மூடி முகர்ந்தார். வேர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்து, நான் கட்டிக் கொடுத்த சாம்பிள் பையைப் பெட்டியில் போட விடாமல் தன் கையிலேயே வாங்கிக்கொண்டார். அங்கேயே, ஜெயராணி முகத்துக்கு எதிரில், பையை அவிழ்த்து மூன்று மூச்சு இழுத்தார். மூன்றும் இழுத்தார். ஒரு காயை உடைத்து ஒரு விதையை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன், "பாசாயிருச்சும்மா." அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்புக்கு ஒரு விறகைத் தள்ளிவிட்டு வந்தாள். அதைப் பார்த்தபோது எனக்குத்தான் கண் கலங்கியது, புகையே இல்லாத ஸ்டோரில்.

கிளம்பும்போது அவள் வீட்டுக்குள்ளே ஓடினாள். "வெறுங்கையோட அனுப்புனா எங்கம்மா என்னைய வையும்" என்று பாதிப் பலாப்பழத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நல்ல பழுத்த பழம், வாடை பத்தடிக்கு வந்தது. நாங்கள் நான்கு பேரும் அந்தப் பழத்தையும் பெட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தோம். எங்கள் மூவருக்கும் அதை வாங்கத் துணிச்சல் வரவில்லை.

ஜார்ஜ் சார்தான் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். "சைலன்சர் பாகத்தில் வை. அந்தச் சூட்டில் காய் வைக்க ஆகாது, நிறம் போகும். சக்கைக்கு என்ன?" என்றார். சக்கை என்று அவர் சொன்னது பலாப்பழத்தை. வெயிலில் தொட்டுப் பார்த்த அந்தச் சூடான கைக்குட்டையை அவர் மறக்கவேயில்லை.

இப்படித்தான் எங்கள் கம்பெனியில் அந்த வழக்கம் உண்டானது. சோத்தாங்கைப் பக்கம் வீடுகளில் கொடுக்கிற சீர், பீச்சாங்கைப் பக்கம் சரக்கு. ஒரு பெட்டிக்குள் இருப்பது மற்றதற்கு மாறக்கூடாது, துடைக்கிற துணிகூட வேறு. ஜெயராணிக்குத்தான் முதலில் மனத்தாங்கல். "ஏன் பாய், எங் காய பீச்சாங்கைப் பக்கமா வப்பீக?" என்று கேட்டாள். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் வலது கைதானே, அதனால் சீர்தான் அந்தப் பக்கம் வரவேண்டும் என்றேன். அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்தது, ஆனால் மலை முழுக்க அதையே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் வண்டி போய் நின்றால், பையில் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிற வீட்டுக்காரம்மா, யாரும் சொல்லாமலே சுற்றிக்கொண்டு வந்து வலது பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார்.

அதனால் புது மேனேஜருக்கு என் பதில் இதுதான். உள்ளே பூச்சுப் பூசிய அலுமினியம், மேலே திறப்பது, ஹேண்டில்பாரை விட அகலம் கூடாதது. ஆனால் எந்தப் பெட்டி வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் போதும், செலவு மிச்சம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். மலையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை ஜெயராணியைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது என்னிடம் பைக் இல்லை, பஸ்ஸில்தான் போனேன். அவள் ஸ்டோருக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஸ்டோர் எழும்பியிருந்தது. சரிவுக்காரர்கள் பச்சைக்காய் மூட்டையோடு வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு பேச அவளுக்கு நேரமே இல்லை. எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

பஸ் ஏறும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். இரண்டு பொட்டலம். ஒன்றில் ஏலக்காய், மற்றதில் குடம்புளி. "இதச் சோத்தாங்கையில புடிங்க பாய், இதப் பீச்சாங்கையில. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துறாதீக" என்று என் கைகளில் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமுளிவரை ஒரு கையை ஜன்னல் பக்கமும் ஒரு கையை நடைபாதைப் பக்கமும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து டிக்கெட்டுக்குக் காசு கேட்டார். கையை மடக்காமல், சட்டைப் பையைத் தாடையால் காட்டி, "நீங்களே எடுத்துக்கங்க" என்றேன்.